கரண்ட் போன ராத்திரில எங்க அண்ணனை யார் எழுப்புவாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேதாரண்யம் தாலுகாவுல கடலோரமா இருக்குற ஒரு கிராமத்துக்காரன், செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு அப்பா காலத்துலேர்ந்து வருது, ஆனா கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

வருசா வருசம் புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி பிறக்குற நேரத்துல "வடகிழக்குப் பருவமழையை எதிர்கொள்ளத் தயார்"னு ஒரு செய்தி வரும். எத்தனை மணல் மூட்டை, எத்தனை ஜேசிபி, எத்தனை மரம் அறுக்குற மெஷின், எத்தனை படகு, எத்தனை முகாம்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும். படிக்கும்போது தைரியமா இருக்கும், அதுக்குப் பின்னாடி ராத்திரி பகலா உழைக்கிறவங்க இருக்காங்கன்னும் தெரியும், அவங்கள குறை சொல்ல நான் வரல. ஆனா ஒரு கணக்கை மட்டும் இத்தனை வருசத்துல அந்தச் செய்தில நான் பாத்ததில்ல. தானா எந்திரிச்சு நடந்து முகாமுக்கு வர முடியாதவங்க எத்தனை பேர், மைக்ல சொன்னா காதுல விழாதவங்க எத்தனை பேர், அவங்க வீடு எந்தத் தெருவுல இருக்கு, அவங்கள யார் போய் கூட்டிட்டு வரப்போறா. இத கேக்கத்தான் எழுதுறேன்.

எங்க அண்ணனுக்கு பிறவிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. எங்க ஊர்ல அப்போ அதுக்குன்னு ஸ்கூல் எதுவும் கிடையாது, அதனால முறையான சைகை மொழியும் கத்துக்கல, நாங்க வீட்டுக்குள்ள வச்சுக்கிட்ட சைகைதான். சாப்பாடு, தூக்கம், ஆடு, மாங்கா, காசு, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர், இப்படி ஒரு நூறு நூத்தம்பது சைகை இருக்கும். மழைக்கு அஞ்சு விரலையும் மேலேர்ந்து கீழ ஆட்டணும். புயலுக்கு எங்ககிட்ட சைகையே இல்ல. 2018 நவம்பர் 15 வரைக்கும் எங்களுக்கே அது தோணல.

அன்னிக்கு வியாழக்கிழமை. கஜா வருதுன்னு நாலஞ்சு நாளாவே டிவில அதே பேச்சு, மைக் கட்டின ஆட்டோ ரெண்டு தடவை தெருவுல போச்சு, தலையாரியும் வந்து கூரை வீட்டுக்காரங்கள ஸ்கூலுக்குப் போங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. எச்சரிக்கை வரலன்னு நான் சொல்லவே மாட்டேன், வந்துச்சு, முன்னாடியே வந்துச்சு. அண்ணனுக்கு மட்டும் வரல. ஆட்டோ போனத பாத்தான், ஏதோ சொல்றாங்கன்னு என்னைப் பாத்தான், நான் அஞ்சு விரலையும் ஆட்டி மழைன்னு சொன்னேன், ரெண்டு கையையும் விரிச்சு பெரிய மழைன்னு சொன்னேன். அவன் தலைய ஆட்டிட்டு ஆட்டுக்குட்டிங்க நனையக்கூடாதேன்னு கொல்லைல இருக்குற கொட்டகைல போய்ப் படுத்துட்டான். பெரிய மழைன்னா வேற என்ன செய்வான், வருசா வருசம் அதத்தானே செய்றான். அம்மாவுக்கு பக்கவாதம் வந்து அப்போ ரெண்டு வருசம், இடது பக்கம் சுத்தமா வராது, நான் அவங்க பக்கத்துல இருந்தேன், அண்ணன் ஆரோக்கியமான ஆள்தானே அவன் பாத்துக்குவான்னு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு தப்புன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தெரிஞ்சுது.

காத்து சத்தத்த எழுத்துல சொல்ல எனக்குத் தெரியல. கரண்ட் போயி ரொம்ப நேரம் ஆச்சு. தென்னை ஒண்ணொண்ணா முறியுற சத்தம் வெடி மாதிரி கேக்குது, எனக்கு. அவனுக்கு அதுவும் கேக்காது. நான் ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன், மழைத்தண்ணிய தவிர ஒண்ணும் தெரியல. அம்மாவ விட்டுட்டு வெளிய போகவும் முடியல. கூப்பிட முடியாது, கூப்பிட்டா அவனுக்குக் கேக்காது, நான் கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டு இருந்தேன். கொட்டகை கூரை பிச்சுக்கிட்டுப் போன பிறகுதான் அவன் எந்திரிச்சிருக்கான். தரை அதிர்ந்துச்சுன்னு பிறகு கைய தரைல தட்டித் தட்டிக் காமிச்சான். எந்தப் பக்கம் வீடுன்னு தெரியாம அந்த இருட்டுல தவழ்ந்து வந்திருக்கான், முட்டி ரெண்டும் கிழிஞ்சு போச்சு, தலைல ஓட்டுச்சில்லு வெட்டின காயம்.

உள்ள வந்த பிறகு இன்னொண்ணு புரிஞ்சுது ஐயா, இத எந்த ஆபீசரும் யோசிச்சிருப்பாரான்னு தெரியல, நானே அதுவரைக்கும் யோசிச்சதில்ல. இருட்டுல சைகை பேச முடியாது. மத்தவங்களுக்கு கரண்ட் போனா வெளிச்சம் மட்டும்தான் போகுது, எங்க அண்ணனுக்கு பேச்சும் சேந்து போயிடுது. அவன் என் கைய பிடிச்சு என்ன என்னன்னு உலுக்குறான், நான் சைகை காட்டுறேன், அவனுக்குத் தெரியல. டார்ச்ச என் கை மேலயே அடிச்சு ஒத்தைக் கையால காட்டினேன். நடுவுல கொஞ்ச நேரம் காத்து அப்படியே நின்னுச்சு. ஊர்ல பாதி பேர் முடிஞ்சு போச்சுன்னு வெளிய வந்துட்டாங்க. அம்மா 1977 புயலைப் பாத்தவங்க, வாய் குளறினாலும் "போவாதீங்க, திரும்ப அந்தப் பக்கத்துலேர்ந்து வரும்"னு சொன்னாங்க. அண்ணன் ஆட்டுக்குட்டிய பாக்கணும்னு கதவத் திறக்கப் போனான், மல்லுக்கட்டித்தான் அவன நிறுத்தினேன், ஏன் போகக்கூடாதுன்னு சொல்ல எனக்கு சைகை இல்ல. அம்மா சொன்ன மாதிரியே எதிர்ப்பக்கத்துலேர்ந்து அதவிட வேகமா அடிச்சுது. அவன் வெளிய இருந்திருந்தா இந்தக் கடிதத்த நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்.

மறுநாள் அம்மாவ ஸ்கூல் முகாமுக்குக் கொண்டு போனோம், எங்க வீட்டு ஓடு பாதிக்கு மேல போயிடுச்சு. பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வச்சு நாலு பேர் தூக்கினோம், ரோடு முழுக்க மரம், நாற்காலியோட மரத்துக்கு மேல ஏறி ஏறி இறங்கினோம், ஒரு தடவை கால் உடைஞ்சு நாற்காலி சாஞ்சு அம்மா சேத்துல விழுந்தாங்க. ஸ்கூல்ல சாப்பாடு இருந்துச்சு, பாய் இருந்துச்சு, டாக்டரும் வந்தாரு. கக்கூசு மட்டும் ரெண்டு படி ஏறி, குந்தி உக்காருற மாதிரி. எங்க அம்மாவால குந்த முடியாது. மொத நாள் ரெண்டு பொம்பளைங்க பிடிச்சுக்கிட்டு போனாங்க, அதுக்குப் பிறகு அம்மா தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டாங்க. "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், யாரை கூப்பிடுறது"ன்னு என்கிட்ட சொல்லல, பக்கத்துல படுத்திருந்த அக்காகிட்ட சொல்லியிருக்காங்க. மூணாம் நாள் காய்ச்சல், நீர்க்கடுப்பு, நாகப்பட்டினத்துக்கு தூக்கிட்டுப் போக வேண்டியதாயிடுச்சு. அந்த முகாம்லயே ஒரு வயசுக்கு வந்த பொண்ணும் நிறைமாச கர்ப்பிணியும் அதே கக்கூசுக்கு நாப்பது பேர் வரிசைல நின்னாங்க. முகாம்ல எத்தனை பேர் தங்கினாங்கன்னு கணக்கு எழுதுறோம் இல்லையா, அங்க தண்ணி குடிக்காம இருந்தவங்க எத்தனை பேர்னு யாரும் எழுதுறதில்ல.

புயலுக்குப் பிறகு ஒரு கோவத்துல நான் சட்டமெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது நான் கேக்குறது சலுகை இல்ல, ஏற்கனவே எழுதி வச்சிருக்குற உரிமை. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 8-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. இயற்கைப் பேரிடர் நேரத்துல மாற்றுத்திறனாளிகளுக்கு மத்தவங்களுக்கு சமமான பாதுகாப்பு கொடுக்கணும்னு சொல்லுது. அதோட நிக்கல. ஒவ்வொரு மாவட்டத்துலயும் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளோட விவரத்த பதிவேடா வச்சிருக்கணும், ஆபத்து வருதுன்னா அவங்களுக்குத் தெரியப்படுத்த ஏற்பாடு செய்யணும்னு நேரடியாவே சொல்லுது. எங்க அண்ணனுக்கு எது வேணுமோ அதையே எழுதி வச்சிருக்காங்க. 2019-ல தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கின பேரிடர் தயாரிப்புக்குன்னு தனியா வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கு. அதுக்கும் முன்னாடி 2015 மார்ச்ல ஜப்பான்ல செண்டாய் நகரத்துல நாடுகள் எல்லாம் கூடி 2030 வரைக்குமான ஒரு உடன்பாடு போட்டாங்க, நம்ம நாடும் அதுல இருக்கு, அதுலயும் திட்டம் போடும்போதே பெண்கள், முதியவங்க, மாற்றுத்திறனாளிங்கள கூட உக்கார வச்சுப் போடணும்னுதான் இருக்கு.

இன்னொண்ணையும் சொல்லணும். 2005-ம் வருச பேரிடர் மேலாண்மைச் சட்டத்துல 61-வது பிரிவு, நிவாரணம் கொடுக்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவழி, மதம் பாத்து பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சொல்லுது. நல்ல பிரிவு. ஆனா அந்த வரிசைல ஊனம்ங்கற காரணம் இல்ல. சட்டம் எழுதினவங்க வேணும்னு விட்டிருக்க மாட்டாங்க, ஞாபகத்துல வந்திருக்காது. எங்களுக்கு எப்பவும் நடக்குறது அதுதான், யாரும் எங்கள வேண்டாம்னு சொல்றதில்ல, ஞாபகத்துல வர்றதில்ல.

சட்டத்துல சொன்ன பதிவேட்டுல அண்ணன் பேர் இருக்கான்னு கேட்டு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்க இருந்தவர் மரியாதையாத்தான் பேசினாரு. பென்சன் லிஸ்ட் இருக்குன்னாரு. எங்க அண்ணன் பென்சன் வாங்கலையேன்னேன். அப்ப அடையாள அட்டை லிஸ்ட்ல இருப்பாருன்னாரு. அந்த லிஸ்ட்ல வீடு எங்க இருக்கு, காது கேக்காதா நடக்க முடியாதா, புயல் வந்தா யார் போய்ச் சொல்றதுன்னு இருக்கான்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்படி ஒரு லிஸ்ட் எங்ககிட்ட யாரும் கேட்டதில்ல தம்பி"ன்னாரு. அவர் மேல எனக்குக் கோவம் வரல, உண்மையத்தான் சொன்னாரு. ஆனா பென்சன் லிஸ்ட் காசு கொடுக்குறதுக்கு, அத வச்சு நடுராத்திரி ஒருத்தர எழுப்ப முடியாது.

இது முடியாத வேலையா? முடியும்னு நம்ம கிராமத்து நர்சம்மாவே காமிச்சுட்டாங்க. நம்ம மாநிலத்துல கர்ப்பமான ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு பிக்மி நம்பர் இருக்கு, எந்த ஊர், எந்த வீடு, பிரசவ தேதி எப்போன்னு பதிவுல இருக்கு. அதனாலதான் புயல் வருதுன்னா தேதி நெருங்கின பொண்ணுங்கள ரெண்டு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரில கொண்டு போய் சேத்துட முடியுது. பேர் இருக்கு, வீடு தெரியும், போய்க் கூப்பிட ஒரு ஆள் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். 2021-லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு தேடி வந்து பிபி சுகர் மாத்திரை கொடுக்குறாங்க, படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு பிசியோதெரபி செய்றாங்க, எங்க அம்மாவுக்கே வர்றாங்க. அப்ப யாரு படுக்கைல இருக்காங்கன்னு அந்தம்மாவுக்குத் தெரியும். அங்கன்வாடி டீச்சருக்கு எந்த வீட்டுல கைக்குழந்தை இருக்குன்னு தெரியும். ரேஷன் கடைக்காரருக்கு கைரேகை வைக்க வர முடியாத கிழவி யாருன்னு தெரியும். இந்த விவரமெல்லாம் வேற வேற நோட்டுல வேற வேற ஆபீசுல கிடக்கு, புயல் அன்னிக்கு விஏஓ கையில அதுல எதுவும் இல்ல. 2011 மக்கள்தொகை கணக்குப்படி தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிங்க 11 லட்சத்து 79 ஆயிரம் பேர், அதோட எங்க அம்மா மாதிரி பக்கவாதம் வந்து அடையாள அட்டையே வாங்காதவங்களையும் சேத்துப் பாருங்க. ஆனா ஒரு கிராமத்துக்குன்னு பிரிச்சா கொஞ்சம் பேர்தான் வருவாங்க. அவங்க பேரை ஒரு நோட்டுல எழுத சில சாயங்காலம் போதும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுறேன்னா, முன்ன மாதிரி நமக்கு நாள் கணக்குல நேரம் கிடைக்கிறதில்ல. கஜாவுக்கு நாலஞ்சு நாள் இருந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் ஒக்கி எப்படி வந்துச்சுன்னு குமரி மாவட்டத்துக்காரங்கள கேளுங்க. 2017 நவம்பர் 29 காலைல தாழ்வு மண்டலம், 30-ம் தேதி காலைல புயல். ஒரே நாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடின்னு அந்தக் கரை ஊர்க்காரங்க அதுக்கு முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிட்டாங்க, கரைல சொன்ன எச்சரிக்கை நடுக்கடல்ல இருக்குறவனுக்கு எப்படிப் போகும். போனவங்க எத்தனையோ பேர் இன்னும் வரல. கடல் சூடாக சூடாக புயல் கிடுகிடுன்னு வலுக்குதுன்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. மழையும் அப்படித்தான், 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஒரு வருசத்து மழை ஒரு நாள்ல. எச்சரிக்கைக்கும் ஆபத்துக்கும் நடுவுல இருக்குற நேரம் சுருங்கிட்டே வந்தா மொதல்ல மாட்டுறது யாரு? ஓடத் தெரிஞ்சவன் அரை மணி நேரத்துல ஓடிடுவான். எங்க அம்மாவ நாற்காலில தூக்க நாலு ஆள் சேக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

நான் எங்க வீட்டுக் கதையைச் சொல்றதால மாற்றுத்திறனாளிக்கு மட்டும் கேக்குறேன்னு நினைக்க வேண்டாம். சுனாமில எங்க மாவட்டம் பட்டது உங்களுக்குத் தெரியும், 6,000-க்கும் மேல உயிர் போன மாவட்டம். அதுல பொம்பளைங்கதான் அதிகம். கடலூர்ல செத்தவங்கள்ல ஆம்பளைங்களவிட பொம்பளைங்க கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு 2005-ல ஆக்ஸ்பாம் அமைப்பு சொல்லுச்சு. நம்மூரு ஆளுக்கு காரணம் சொல்லித் தெரிய வேண்டாம். நீச்சல் யாரும் சொல்லிக் கொடுக்கல, மரம் ஏற விட்டதில்ல, இடுப்புல ஒரு பிள்ள, கையில ஒரு பிள்ள, சேலை நனைஞ்சு காலச் சுத்திக்குது, விரிஞ்ச முடி முள்ளுல மாட்டிக்குது. ஞாயித்துக்கிழமை காலைல மீன் வந்து இறங்குற நேரம், கரைல காத்துட்டு இருந்தது அவங்கதானே.

கஜா ராத்திரில பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காடுங்கற ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ள செத்துப்போனத பத்தி அப்போ பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. வயசுக்கு வந்த தீட்டுன்னு வீட்ட விட்டுத் தள்ளி தனிக் குடிசைல படுக்க வச்சிருந்தாங்க, தென்னை மரம் அந்தக் குடிசை மேல விழுந்துடுச்சு. அந்தப் புள்ளைக்கு புயல் வருதுன்னு தெரியும், கூப்பிட்டா வர்ற தூரத்துலதான் எல்லாரும் இருந்தாங்க. எத்தனை ஆப் போன்ல ஏத்தினாலும், சைரன் எத்தனை வச்சாலும் அந்தப் புள்ளைய காப்பாத்தியிருக்காது ஐயா, "இன்னிக்கு ஒரு நாள் தீட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், உள்ள வா"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா இருந்திருக்கும். அத சொல்ல வேண்டியது ஊர்ல இருக்குற டீச்சர், நர்சம்மா, மகளிர் குழு தலைவி இவங்கதான், அதையும் புயல் தயாரிப்புல ஒரு வேலையா எழுதணும்.

முகாம் எங்க இருக்குங்கறதும் அப்படித்தான். எங்க பக்கத்துல பல ஊர்ல முகாம் ஊருக்குள்ள, காலனி ஒரு கிலோமீட்டர் தள்ளி பள்ளத்துல. தண்ணி மொதல்ல வர்றது காலனிக்கு, முகாமுக்கு கடைசியா வர்றதும் காலனிக்காரங்கதான், வந்தாலும் ஒரு மூலைல தனியா உக்காருறாங்க, சில பேர் அந்த மூலை வேண்டாம்னு கூரைக்குள்ளயே இருந்துடுறாங்க. இத நான் கண்ணால பாத்தேன், பேசவே கூச்சமா இருக்கு, ஆனா பேசாம எப்படி மாறும். இறால் பண்ணைல வேலை பாக்குற வடமாநிலத்துப் பசங்களுக்கு மைக்ல சொல்ற தமிழ் புரியாது, அவங்களும் ஒரு வகைல எங்க அண்ணன் மாதிரிதான். கழிமுகத்துல கையால இறால் பிடிக்கிற இருளர் குடும்பத்துக்கு படகு இல்ல, வலை இல்ல, அதனால மீனவர் கணக்குல வர்றதில்ல, பட்டா இல்லாத குடிசைக்கு வீட்டுக் கணக்குலயும் இடம் கிடைக்கிறதில்ல.

வேற ஊர்ல எப்படிச் செய்றாங்கன்னு தேடிப் படிச்சேன். வங்கதேசத்துல 1991 புயல்ல 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க, அங்கயும் பொம்பளைங்கதான் ரொம்ப. ஆம்பளை துணையில்லாம வெளிய வரக்கூடாதுன்னு வீட்டுக்குள்ளயே இருந்துட்டாங்க, முகாம்ல மறைவு இல்லன்னு வரல. இன்னிக்கு அங்க புயல் தயார்நிலை திட்டத்துல 76 ஆயிரம் தொண்டர்கள் இருக்காங்க, பாதி பேர் பொம்பளைங்க, எச்சரிக்கைன்னா மைக்ல மட்டும் சொல்றதில்ல, கொடி ஏத்துறாங்க, காது கேக்காதவனுக்கும் கொடி தெரியும்ல. வீட்டுக் கதவத் தட்டி ஒரு பொம்பளை கூப்பிட்டா இன்னொரு பொம்பளை கிளம்பி வர்றா. நம்ம ஒடிசாவுல 1999 புயல்ல 10 ஆயிரம் பேர் போல செத்தாங்க, 2019 பானி புயலுக்கு 12 லட்சம் பேரை முன்னாடியே கிளப்பினாங்க, 64 சாவோட நின்னுச்சு. அவங்ககிட்ட நம்மகிட்ட இல்லாத மெஷின் ஒண்ணும் இல்ல, வீடு வீடா போக ஆள் இருந்துச்சு. நம்மகிட்டயும் ஆப்த மித்ரான்னு பேரிடர் உதவிக்குப் பயிற்சி கொடுத்த இளைஞர்கள் இருக்காங்க, மகளிர் குழு இல்லாத தெரு இல்ல. அவங்க கையில கொடுக்க அந்தப் பட்டியல் மட்டும்தான் இல்ல.

2023-ல ஒரு நாள் எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சே, அவசர எச்சரிக்கை சோதனைன்னு, அன்னிக்கு என் கடைல நாலு போன் ஒண்ணா கத்துச்சு. எனக்கு சந்தோசமா இருந்துச்சு, ஏன்னா போன் அதிரும், பாக்கெட்ல இருந்தா அண்ணனுக்கும் தெரியும். அவனுக்கு ஒரு பழைய ஸ்மார்ட்போன் சரி பண்ணிக் கொடுத்தேன். ஆனா அவனுக்கு எழுத்து படிக்க வராது, அதிர்ந்தா எடுத்துட்டு என்கிட்ட ஓடி வருவான். நான் வீட்டுல இல்லன்னா? அந்த எச்சரிக்கைல ஒரு படம் வரக்கூடாதா, காத்து சுழல்ற மாதிரி ஒரு படம், சைகை மொழில ஒரு சின்ன வீடியோ. தொழில் தெரிஞ்சவன்ங்கற முறைல சொல்றேன், இது பெரிய கம்பசூத்திரம் இல்ல. கஜாவுல லட்சத்துக்கும் மேல கரண்ட் கம்பம் சாஞ்சுது, டவரும் போச்சு, அப்ப போனும் செத்துடும், அதனால கதவத் தட்டுற ஆள் எப்படியும் வேணும்.

மாவட்ட நிர்வாகத்துகிட்டயும் அரசாங்கத்துகிட்டயும் உங்க பேப்பர் வழியா நான் கேக்குறது இதுதான். அக்டோபர் பிறக்குறதுக்குள்ள ஒவ்வொரு ஊராட்சிலயும் அந்தப் பட்டியல எழுதுங்க. பேருக்கு நேரா என்ன உதவி வேணும்னு எழுதுங்க, தூக்கணுமா, கை பிடிச்சுக் கூட்டிட்டு வரணுமா, டார்ச் அடிச்சு எழுப்பணுமா, இன்சுலின் ஐஸ்ல வைக்கணுமா, ஆக்சிஜன் மெஷின் இருக்கான்னு. அதுக்கு நேரா பொறுப்பான ரெண்டு பேரோட பேரை எழுதுங்க, ஒருத்தர் ஊர்ல இல்லன்னா இன்னொருத்தர். அத கிராம சபைல படிக்க வேண்டாம், எல்லாருக்கும் தன் வீட்டு நோவு ஊருக்குத் தெரியறது பிடிக்காது, தனியா ஒரு பொம்பளை இருக்கான்னு தெரியறதும் ஆபத்து, அதனால விஏஓ, நர்சம்மா, அந்த ரெண்டு பேர், இவங்ககிட்ட இருந்தா போதும். முகாம்ல ஒரு கக்கூசாவது உக்கார்ற மாதிரி, பிடிச்சுக்க கம்பியோட, படி இல்லாம இருக்கட்டும், அதுவரைக்கும் நடுவுல ஓட்டை வச்ச ஒரு நாற்காலியும் ஒரு படுதாவும் வாங்கி வைங்க, ஆயிரம் ரெண்டாயிரத்துல முடிஞ்சு போகும். ஒத்திகை நடத்தும்போது இளவட்டப் பசங்கள ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு படம் எடுக்காம, சம்மதம் கேட்டு நிஜமா நடக்க முடியாத ஒருத்தரை ஒரு தடவை தூக்கிப் பாருங்க, எந்த இடத்துல ரோடு சரியில்ல, எத்தனை நிமிசம் ஆகுதுன்னு அப்பதான் தெரியும். உள்ளாட்சி மன்றங்கள்ல மாற்றுத்திறனாளிகள நியமன உறுப்பினரா கொண்டு வர சட்டசபையில 2025 ஏப்ரல்ல சட்டத்திருத்தம் நிறைவேத்தினாங்க, அப்படி வர்றவங்கள பேரிடர் கூட்டத்துக்கு மொத ஆளா கூப்பிடுங்க, பொன்னாடை போத்தி அனுப்பிடாதீங்க.

அரசாங்கம் எழுதுற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு போன மாசம் நானும் எங்க தெரு மகளிர் குழு அக்காங்க ரெண்டு பேரும் நோட்டு எடுத்துட்டு எங்க மூணு தெருவுல வீடு வீடா போனோம். ரெண்டு சாயங்காலம் ஆச்சு. பதினாலு பேர் வந்தாங்க. எங்க அம்மா, எங்க அண்ணன், கண்ணு தெரியாத ஒரு தாத்தா, டயாலிசிஸ் போற ஒருத்தர், மூளை வளர்ச்சி இல்லாத ஒரு பையன், எட்டு மாச கர்ப்பிணி, தனியா இருக்குற நாலு கிழவிங்க, இப்படி. அண்ணன் பேருக்கு நேரா எதிர்வீட்டுத் தம்பி பேர் எழுதியிருக்கு. புயலுக்கு இப்போ எங்ககிட்ட சைகை இருக்கு, உள்ளங்கைய தலைக்கு மேல சுத்தி கீழ அறையணும், அந்தத் தம்பிக்கும் கத்துக் கொடுத்துட்டோம், அவனுக்கு ஒரு டார்ச்சும் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவ தூக்க நாலு பேர் ஒத்துக்கிட்டாங்க.

பதினாலு பேர்ல பதினொரு பேருக்கு ஆள் கிடைச்சுட்டாங்க. கடைசித் தெருவுல இருக்குற ரெண்டு கிழவிங்களுக்கும் அந்தப் பையனுக்கும் இன்னும் யாரும் வரல, பையனோட அம்மா மட்டும்தான் இருக்காங்க, அவங்க ஒத்தையாளா அவனத் தூக்க முடியாது. நோட்டுல அந்த மூணு பேருக்கு நேரா இடம் காலியா இருக்கு.

இப்படிக்கு,
வேதாரண்யம் தாலுகாவுலேர்ந்து ஒரு வாசகர்